ஐந்து பேரை மூன்றாக எண்ணிய குசினி

என்னோடு அந்த வருடங்களில் வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்போது முழங்கால் நோகத் தொடங்கியிருக்கும். பிள்ளைகள் உங்களோடு ஜெர்மன் மொழியில்தான் சண்டை பிடிப்பார்கள். கிழக்கு பெர்லினில் இறங்கி, அம்மாவின் கையை விடாமல் ரயில் மாறி வந்த அந்தக் குளிர் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எனக்குக் குளிரைவிடக் கூடுதலாக ஞாபகம் இருப்பது ஒரு குசினி. அதில் நடந்ததை நான் இன்றுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

பீலெஃபெல்டுக்கு வெளியே, பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் எங்கள் அகதி விடுதி இருந்தது. ஒரு காலத்தில் பட்டாளம் இருந்த கட்டடம். இரண்டாம் மாடியில் இருபத்திரண்டு பேருக்கு ஒரு குசினி. அங்கே இருந்த மின் அடுப்பில் நாலு தட்டு, ஆனால் இரண்டுதான் சூடாகும். காலை ஆறு மணிக்குக் காவலாளி மின்சாரத்தைப் போடுவான், இரவு ஒன்பதுக்கு நிறுத்துவான். சுவரெல்லாம் மஞ்சள் எண்ணெய் படிந்திருக்கும். விரலால் அதில் பெயர் எழுதலாம், நான் எழுதியிருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. எண்பத்தாறாம் ஆண்டு. அந்த வருடம் ஊரில் ஒரு தமிழ் இயக்கம் இன்னொரு தமிழ் இயக்கத்தைத் தெருத் தெருவாகச் சுட்டு அழித்தது. செய்தி எங்கள் மாடிக்குத் தொலைபேசியில் வந்தது. நெட்டை அண்ணை என்று நாங்கள் கூப்பிட்ட ஒருவர் கீழே போய்ப் பேசிவிட்டு வந்தார். அவருடைய தம்பியைச் சந்தியில் வைத்துச் சுட்டுவிட்டு, உடலை எரித்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். அவர் நேரே குசினிக்குள் வந்தார். அங்கே மற்ற இயக்கத்தின் ஆதரவாளரான தாடி அண்ணை முட்டை பொரித்துக்கொண்டு நின்றார். நெட்டை அண்ணை சோற்றுப் பானையின் இரும்பு மூடியை எடுத்து அவருடைய வாயில் அடித்தார். சத்தம் பெரிதாக இல்லை. இரண்டு பல் கழுவும் தொட்டிக்குள் விழுந்தன. தாடி அண்ணை குனிந்து அவற்றை எடுத்துக் கழுவி, சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அதன் பிறகு நெட்டை அண்ணையின் ஆட்கள் ஏழு பேரும் தாடி அண்ணையின் ஆட்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் குசினிக்குள் வந்தால் அடிபாடுதான். அகப்பை, கதிரைக்கால், ஒருமுறை உறைந்த கோழி. ஒருவருடைய மணிக்கட்டு முறிந்தது. அப்பா எந்தப் பக்கமும் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றது. அவர் குசினிக்குள் நுழையும்போது தாடி அண்ணை, "வாறார் வெள்ளைக்கொடி" என்பார். அப்பா சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

எங்கள் மாடியின் கடைசி அறையில் கானா நாட்டுக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவன், மனைவி, கணவனின் தம்பியார், என் வயதில் ஒரு மகள், ஒரு சின்ன மகன். ஐந்து பேர். அந்த மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருப்போம். அவளுடைய தகப்பன் மாடியிலுள்ள எல்லா ஆண்களுக்கும் தலைமயிர் வெட்டிவிடுவார். கத்தரிக்கோலைத் திறந்து மூடும்போது வாயால் ஒரு மெட்டு விசிலடிப்பார். அப்பாவும் அவரிடம்தான் வெட்டுவார்.

இனி, குறிப்பு மாமா. அவர் தனியாள். நாலு விரல் தடிப்பில் ஒரு கொப்பி வைத்து, மாடியில் நடப்பதையெல்லாம் எழுதுவார். அதனால் அந்தப் பெயர். மிகச் சின்ன உருவம். பேசினால் கேட்பவர் குனிய வேண்டும். இடைக்கிடை வலிப்பு வரும். ஊரில் சட்டம் படிக்கத் தொடங்கி, இரண்டாம் வருடத்தில் படிப்பு நின்றுபோனவர். அவரிடம் அட்டை கழன்ற ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் நாலாவது சனாதிபதியின் வாழ்க்கை வரலாறு. அந்த நாட்டின் அரசியலமைப்பை எழுதியவர்களில் முதன்மையானவர் அந்த மனிதர். குறிப்பு மாமா அவருடைய பெயரைச் சொல்லமாட்டார், "நாலாமவர்" என்பார், ஏதோ தன் சொந்தப் பெரியப்பாவைச் சொல்வதுபோல.

"நாலாமவர் அஞ்சடி நாலங்குலம்தான்," என்பார். "கூட்டத்திலை அவர் கதைச்சா எழுதிறவைக்குக் கேக்காது. இடம் விட்டு எழுதுவினம். சின்ன வயசிலேயே ஏதோ வருத்தம் வந்து விழுவார். தான் கனகாலம் உயிரோடை இருக்கமாட்டன் எண்டு சினேகிதனுக்குக் கடிதம் எழுதினவர். எண்பத்தஞ்சு வயசு மட்டும் இருந்தார்."

நாலாமவரின் கதைகளை ஆண்கள் கேலி செய்தபடி கேட்பார்கள். ஒன்றுமட்டும் எல்லோருக்கும் பிடிக்கும். எதிரி நாட்டுப் பட்டாளம் தலைநகருக்குள் புகுந்த கதை. சனாதிபதியின் மனைவி ஒரு பெரிய படத்தை அதன் மரச்சட்டத்தை உடைத்து எடுக்கச்செய்து, அதைக் காப்பாற்றிவிட்டுத் தப்பிப் போனார். பட்டாளத்தார் மாளிகைக்குள் வந்தபோது மேசையில் சாப்பாடு பரிமாறியபடி இருந்ததாம். இருந்து சாப்பிட்டுவிட்டு, பிறகு வீட்டைக் கொளுத்தினார்களாம்.

"திண்டுபோட்டோ கொளுத்தினவங்கள்?" என்று கேட்டார் நெட்டை அண்ணை.

"ஓம். வைனும் குடிச்சவங்கள்."

"எங்கடை வீட்டிலையும் ஆமி அப்பிடித்தான். அம்மா அவிச்சு வைச்ச இடியப்பம்."

அப்போது குசினி வாசலில் நின்ற தாடி அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

மணிக்கட்டு முறிந்த பிறகு குறிப்பு மாமா ஒவ்வோர் அறையாகப் போய்க் கதவைத் தட்டினார். குசினிக்குச் சட்டம் எழுத வேண்டும் என்றார். ஆட்களை நல்லவர்கள் என்று நம்பிச் சட்டம் எழுதக் கூடாது, ஒருவனின் ஆசை மற்றவனின் ஆசையை மறிக்கிற மாதிரி எழுத வேண்டும், இதுதான் நாலாமவர் கண்டுபிடித்தது என்றார். கேட்டுக் களைத்தோ, அடிபட்டுக் களைத்தோ, எல்லோரும் சம்மதித்தார்கள்.

கூட்டம் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் நடந்தது. ஆடி மாதத்து வெக்கை. நாலாமவரின் கூட்டத்தில் வெளியே கதை போகாமல் யன்னல்களைப் பூட்டி வைத்தார்களாம், அதனால் எங்கள் யன்னலும் பூட்டப்பட்டது. அம்மா இயந்திரத்துக்குள் உடுப்புப் போட்டிருந்தாள், பாதியில் எடுக்க முடியாது. நானும் அவளும் அங்கேயே நின்றோம். ஆண்கள் சாரத்தோடும் சேட்டில்லாமலும் வேர்த்துக்கொண்டு இருந்தார்கள். குறிப்பு மாமா நடுவில் இருந்து ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதினார்.

ஆள் எண்ணிக்கைப்படி அடுப்பு நேரத்தைப் பிரிப்பதென்று முடிவாகியது. கானாக் குடும்பத்தில்தான் சிக்கியது.

"அவை எங்களோடைதான் சமைக்கிறவை," என்றார் நெட்டை அண்ணை. "அவையின்ரை அஞ்சையும் எங்கடை ஏழோடை போடுங்கோ. நேரத்தை நான் பாத்துக் குடுப்பன்."

"அப்ப நீ பன்ரெண்டு பேரோ?" என்றார் தாடி அண்ணை. பல் போன இடத்தால் காற்று வந்தது. "அவையை எண்ணவே தேவையில்லை. இது தமிழரின்ரை கூட்டம்."

கைகலப்பு தொடங்கியது. ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்து இயந்திரத்தோடு சாத்தினார்கள். அம்மா என்னைத் தன் பின்னால் தள்ளினாள். குறிப்பு மாமா பேனையை உயர்த்தினார்.

"அஞ்சை மூண்டா எண்ணுவம்," என்றார். "முழுசாயும் இல்லை, விடவும் இல்லை. மூண்டு பேரின்ரை நேரம் நெட்டை அண்ணையின்ரை கணக்கிலை வரட்டும்."

கழுத்தைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள். அது இரண்டு பக்கத்துக்கும் அரைகுறைத் தோல்வி, அதனால் இரண்டு பக்கமும் ஏற்றது.

"அவையையும் ஒருக்காக் கூப்பிட்டுக் கேட்டா என்ன?" என்றாள் அம்மா.

அப்பா அம்மாவை முறைத்தார். குறிப்பு மாமா அம்மா சொன்னதையும் எழுதினார்.

சட்டம் தமிழில் அழகான எழுத்தில் குசினிச் சுவரில் ஒட்டப்பட்டது. ஒன்பது நாள் ஒருவரும் அடிபடவில்லை. எனக்கு அதில் பெருமை. பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கும்போது என் தோழிக்கு ஜெர்மன் மொழியில் அதை விளக்கினேன். எங்களுக்குள் அதுதான் பொது மொழி.

"நீங்கள் ஐந்து பேர்," என்றேன். "ஆனால் குசினியில் மூன்று பேர்."

அவள் யோசித்தாள். "எந்த இரண்டு பேர் இல்லை?"

அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. பதில் தெரியாது என்று சொல்லப் பிடிக்கவில்லை. "நீயும் உன் தம்பியுமாக இருக்கும்," என்றேன். "நீங்கள் சின்ன ஆட்கள்தானே."

அது வெள்ளிக்கிழமை, கோடை விடுமுறைக்கு முந்தின கடைசிப் பள்ளிநாள்.

சனிக்கிழமை பின்னேரம் அம்மா உழுந்து வடை சுட்டாள். தாச்சி நிறைய எண்ணெய். அப்பா பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டினார். தாடி அண்ணையின் ஆட்கள் தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டு மேசையில் இருந்தார்கள். நெட்டை அண்ணை தண்ணீர் பிடிக்க வந்திருந்தார். கானாக்காரர் மகளைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். மற்றக் கையில் விரல் ஐந்தையும் விரித்து, சுவரில் இருந்த தாளைக் காட்டினார். தன் மொழியில் மகளுக்கு ஏதோ சொன்னார். அவள் அதை ஜெர்மனில் எனக்குச் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன்.

"எந்த ரெண்டு பேர் இல்லை எண்டு கேக்கிறார்."

அம்மா எண்ணெயில் பொரிகிற வடைகளைத் திருப்பிப் போட்டாள். அவர் இன்னொருமுறை கேட்டார். நான் இன்னொருமுறை சொன்னேன். குறிப்பு மாமா வாசலில் வந்து நின்றார். கானாக்காரர் தாளைச் சுவரிலிருந்து உரித்து இரண்டாகக் கிழித்தார்.

முதலில் அடித்தது தாடி அண்ணை. கதிரையால் முதுகில். கானாக்காரர் திரும்பி அவரைத் தள்ள, அவர் மேசைக்கு மேலால் விழுந்தார். அப்போது நெட்டை அண்ணை பாய்ந்தார். தாடி அண்ணையின் பல்லை உடைத்த அதே மனிதர், மாதக்கணக்கில் அவரோடு ஒரு சொல் கதைக்காதவர், இப்போது அவருக்காகக் கானாக்காரரின் முகத்தில் குத்தினார். ஐந்தாறு பேர் சேர்ந்தார்கள். சின்ன உருவத்தோடு குறிப்பு மாமா நடுவில் புகுந்தார், யாரோ அவரைக் கதவோடு அடித்தார்கள், உதடு வெடித்தது. என் தோழி தகப்பனின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள்.

"என்ன, வெள்ளைக்கொடி, பாத்துக்கொண்டே நிக்கப் போறீர்?" என்று தாடி அண்ணை நிலத்தில் கிடந்தபடி கேட்டார்.

அப்பா துணியால் தாச்சியின் இரண்டு காதையும் பிடித்தார். அதை அடுப்பிலிருந்து அப்புறப்படுத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதை எறிந்தார்.

கானாக்காரரின் முன்னங்கையில் கொஞ்சம் பட்டது. மற்றதெல்லாம் என் தோழியின் கழுத்திலும் வலது தோளிலும் விழுந்தது. அவளுடைய சட்டை தோளோடு ஒட்டியது. வடைகள் நிலத்தில் உருண்டன. அவள் முதலில் கத்தவில்லை, தோளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் கத்தினாள். அம்மா தொட்டிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிக் குளிர் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அம்புலன்ஸ் வரும்வரை அம்மாவின் கை அந்தத் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

கானாக் குடும்பம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, பச்சைச் சீருடையில் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். ஜெர்மன் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எண்ணெய்ச் சட்டியை யார் தூக்கியது என்று கேட்டார்கள்.

"தவறி விழுந்தது எண்டு சொல்லு," என்றார் அப்பா. நெட்டை அண்ணையும் தாடி அண்ணையும் தோளோடு தோள் நின்று தலையாட்டினார்கள். "விழுந்ததுதான்."

அம்மா நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

குறிப்பு மாமா உதட்டில் துணியை அழுத்தியபடி கொப்பியை என்னிடம் நீட்டினார். அம்புலன்ஸ் போன பிறகு உட்கார்ந்து எழுதியிருந்தார். "பிள்ளை, நான் எழுதினதை வாசிச்சு அவைக்குச் சொல்லு."

வாசித்தேன். நேரம், யார் எங்கே நின்றது, யார் முதலில் அடித்தது, எல்லாம் இருந்தது. கடைசி வரியில் "பிள்ளையின் தகப்பன் தாச்சியை இரு கையாலும் தூக்கி எறிந்தார்" என்று இருந்தது. அதற்கு மேலே, "ஐந்தை மூன்றாக எண்ணச் சொன்னது நான்" என்றும் இருந்தது.

கொப்பியைக் கையில் பிடித்தபடியே பொலிஸ்காரரிடம் ஜெர்மனில் சொன்னேன்: "சட்டி தானாக விழுந்தது. இதிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். குறிப்பு மாமாவுக்கு ஜெர்மன் தெரியாது, பொலிஸ்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் சொன்னது அவர் எழுதிய பக்கத்தளவு நீளமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். "வாசிச்சனியோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் கொப்பியை வாங்கிச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பொலிஸ்காரர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கவில்லை.

அடுத்த நாலு நாளும் எங்கள் அறையில் பாராட்டு. தாடி அண்ணை அப்பாவுக்குச் சிகரெட் கொண்டுவந்தார். நெட்டை அண்ணை, "அண்ணை இல்லாட்டி அண்டைக்கு எங்களுக்கு அடி" என்றார். அப்பா முதுகை நிமிர்த்தி நடந்தார். ஒருவரும் இப்போது அவரை வெள்ளைக்கொடி என்று கூப்பிடவில்லை. இப்போது எனக்கு, அப்பா அப்போது இருந்ததைவிட வயது கூட. அந்த மனிதரை நினைத்தால் கோபத்தோடு வெட்கமும் வருகிறது. ஒரு பிள்ளையின் தோலைக் கொடுத்து அவர் வாங்கிய மரியாதை அது.

ஐந்தாம் நாள் குறிப்பு மாமா விறாந்தையில் அப்பாவை மறித்தார்.

"அண்ணை, நீங்களாப் போய்ச் சொல்லுங்கோ. சொன்னா நான் கொப்பியைத் திறக்கமாட்டன். இல்லாட்டி நான் மொழிபெயர்க்கிற ஆளைத் தேடிக்கொண்டு போறன்."

"சொன்னா என்னைத் திருப்பி அனுப்புவாங்கள். என்ரை பிள்ளை, மனுசி?"

"அந்தப் பிள்ளையும் ஒரு பிள்ளைதானே, அண்ணை."

அப்பா அவரை அடித்தார். தலையிலும் விலாவிலும், நிலத்தில் விழுந்த பிறகு காலாலும். குறிப்பு மாமா இரண்டு கையாலும் கொப்பியைக் கட்டிப்பிடித்திருந்தார், அதனால் முகத்தை மறைக்கக் கையில்லை. அப்பா கொப்பியைப் பறித்து, தாள்களைக் கொத்துக் கொத்தாகக் கிழித்தார். கதவுகள் திறந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை. அடி விழும்போதே குறிப்பு மாமாவுக்கு வலிப்பு வந்தது. அப்போதுதான் அப்பா நிறுத்தினார்.

அம்மா அவரை எங்கள் அறைக்குள் இழுத்து வந்து, சுடுதண்ணீரில் துணி நனைத்துக் காயத்தைத் துடைத்தாள். அப்பா அன்று அறைக்கு வரவில்லை. கண் திறந்தபோது குறிப்பு மாமா என்னைப் பார்த்துக் கதைத்தார். குனிந்துதான் கேட்டேன்.

"பிள்ளை, நாலாமவரின்ரை கதையிலை நான் ஒண்டைச் சொல்லேல்லை. அந்த மனுசனிட்டை நூறுக்கு மேலை அடிமையள் இருந்தவை. கறுப்புச் சனம். அடிமைமுறை பிழையெண்டு அவரே எழுதினவர். ஒருக்கா வெளியூருக்குத் தன்னோடை கூட்டிக்கொண்டு போன அடிமை ஒருத்தன் அங்கை விடுதலையைப் பாத்திட்டான். இனி உவன் தோட்டத்துக்குச் சரிவரான் எண்டு அவனை அங்கையே வித்துப்போட்டு வந்தவர். சாகேக்கையும் ஒருத்தரையும் விடேல்லை."

அம்மா துடைப்பதை நிறுத்தினாள்.

"அஞ்சை மூண்டா எண்ணினது என்ரை யோசனை இல்லை. அந்தக் கூட்டத்திலை நடந்தது. அடிமையளை அப்பிடித்தான் எண்ணினவை. கூட்டம் உடையாமல் இருக்க. அதைப் படிக்கேக்கை நான் என்ன கெட்டித்தனம் எண்டு நினைச்சன்."

"தெரிஞ்சுகொண்டோ செய்தனீங்கள்?" என்று கேட்டாள் அம்மா.

"ஓம் அக்கா," என்றார் அவர். "தெரிஞ்சுதான்."

அம்மா துணியைத் தண்ணீருக்குள் போட்டாள். மிச்சக் காயத்தை அவரே துடைத்துக்கொண்டார்.

விலா எலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து வேறு நகரத்து விடுதிக்கு மாற்றினார்கள். கொப்பி இல்லாமல் அவர் பொலிசுக்குப் போனாரா என்று தெரியாது. பிறகு கனடாவில் கண்டதாக ஒருவர் சொன்னார், அதுவும் உறுதியில்லை.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியது. என் வாங்கில் பக்கத்து இடம் வெறுமை. ஆசிரியை எல்லோருக்கும் வெள்ளை மட்டை கொடுத்து, ஆஸ்பத்திரியில் இருக்கும் தோழிக்கு ஒரு படம் கீறச் சொன்னார். ஒருத்தி பூ கீறினாள். ஒருவன் குதிரை கீறினான். நான் ஒன்றும் கீறாமல் இருந்தேன். ஆசிரியை வந்து ஏன் என்று கேட்டார். என் அப்பாதான் எறிந்தவர் என்று சொன்னேன். பொலிஸ்காரருக்கு நான் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். அவர் என்னை வெளியே கூட்டிப்போய், என் உயரத்துக்குக் குந்தி இருந்து, இன்னொருமுறை மெதுவாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சொல்லும்போது காற்சட்டையோடு சிறுநீர் போய்விட்டது.

இந்த முறை பொலிஸ் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தது. அப்பாவைத் திருப்பி அனுப்பவில்லை. வழக்கு நடந்து, சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார்கள். சிகரெட் கொண்டுவந்தவர்கள் சாட்சி சொல்ல வரவில்லை. அப்பா அந்தக் குளிர்காலம் முழுக்க என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையை என் முன்னால் தள்ளிவைப்பார், அவ்வளவுதான். அம்மா ஒருநாள் என் தலையை இழுத்துப் பின்னியபடி, "நான் சொல்லியிருக்கவேணும். நீ சொன்னனி," என்றாள். பின்னல் நொந்தது. அப்பா சாகும்வரை நாங்கள் மூவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

இலை கொட்டும் காலத்து விடுமுறைக்குப் பிறகு என் தோழி திரும்பி வந்தாள். அவர்களை நகரத்துக்குள் வேறு வீட்டுக்கு மாற்றியிருந்தார்கள், ஆனால் பள்ளிக்கூடம் அதுவே. கழுத்தில் தோல்நிறத்தில் ஒரு இறுக்கமான பட்டி. தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினாள். முதல் பாட இடைவேளையில் என் முன்னால் வந்து நின்றாள்.

"அது உன் அப்பாவா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்," என்றாள். "நீ என்ன சொல்வாய் என்று பார்க்கத்தான் கேட்டேன்."

நான் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து இருந்தேன். அவள் அந்த வெற்று இடத்தைப் பார்த்தாள். பிறகு தன் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, யன்னல் ஓரத்தில் தனியாக இருந்த வாங்கில் போய் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்தாள்.